சகலை கொண்டு வந்த சிலிண்டர்

பிரேக் ஆயில் ஒழுகினால் அந்தப் பக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை. "பெடல்காரர்கிட்ட போ" என்பார்கள். ஐம்பத்திரண்டு வயது. எஞ்சினும் பார்ப்பார், கியரும் பார்ப்பார், ஆனால் ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர்தான். அவர் மனைவியின் தங்கை கணவரும் மெக்கானிக். இரண்டு தெரு தள்ளி, தரையில் டைல்ஸ் பதித்த கடை. சகலை கடையில் உட்கார மெத்தை நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று மனைவி ஒருமுறை சொல்லப்போக, பெடல்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தக் கடை வாசலில் ஒரு செவ்வாய்க்கிழமை பல் டாக்டரம்மாவின் கார் நின்றது. அறுபது வருடப் பழைய கார். பதினோரு வருடமாக அதில் பெடல்காரரைத் தவிர வேறு கை பட்டதில்லை. இப்போது புதுப் பச்சைப் பெயின்ட்டில் பளபளத்தது. வயிறு எரிந்தது அவருக்கு. மதியம் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

"என்னங்க, உப்பு கம்மியா?"

"உன் தங்கச்சி புருஷனப் போய்க் கேளு. அவருக்குத்தான் எல்லாம் தெரியும்."

பத்து நாள் கழித்துச் சகலையே வந்தார். கையில், துணியில் சுற்றிய மாஸ்டர் சிலிண்டர்; பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது அதுதான்.

"அண்ணே, டாக்டரம்மா வண்டி. பிரேக் ஆயில் வண்டிக்குள்ள, பெடல் மேலயே சொட்டுது. ரெண்டு தடவ புது ரப்பர் போட்டேன், நிக்கல. மிதிச்சா பெடல் தரையைத் தொடுது."

பெடல்காரருக்கு வாயெல்லாம் பல்லாக வரப்பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

"வை. கை வேல முடியட்டும்."

வேண்டுமென்றே ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடியை அரை மணி நேரம் திருகிக்கொண்டிருந்தார். சகலை கவிழ்த்த டப்பாவில் உட்கார்ந்து, ஒருமுறைகூட மணி பார்க்காமல் காத்திருந்தார். அந்தப் பொறுமையும் எரிச்சலூட்டியது.

பிறகு பிஸ்டனை உருவி, சிலிண்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். உள்சுவரில் நீளவாக்கில் நாலைந்து கீறல்கள். ரப்பர் எத்தனை புதிதானாலும் அந்த வழியே எண்ணெய் நழுவிவிடும். 'இது தெரியாம ரெண்டு ரப்பர வீணாக்கியிருக்கியே' என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன், துரு எடுக்கும் அவசரத்தில், முரட்டு உப்புத்தாளை ஸ்க்ரூடிரைவரில் சுற்றி இதே சிலிண்டருக்குள் விட்டு இழுத்தது அவரேதான்.

நிமிர்ந்தபோது சகலை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பார்த்தியா இத?"

"பார்த்தேண்ணே."

"அந்தம்மாகிட்ட சொன்னியா?"

"பழசு, தேஞ்சிருக்குன்னு மட்டும் சொன்னேன். நீங்க தொட்டாதான் சரியா வரும்னு நானாத்தான் எடுத்துட்டு வந்தேன்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். இதற்கு என்ன செய்வது? கடையையும் நாற்காலியையும் பார்த்துப் புகைந்தவர், இப்போது அந்த மனுஷனின் குணத்தைப் பார்த்தும் புகைந்தார். இது இன்னும் மோசமாகக் காந்தியது.

லேத் பட்டறைக்குத் தானே போனார். துளையைக் கடைந்து அகலமாக்கி, பித்தளைக் குழாய் ஒன்றை இறுக்கமாக இறக்கி, எண்ணெய்த் துளைகளை மறுபடி போட்டு, உள்சுவரைக் கண்ணாடியாக இழைத்தார். மறுநாள் சகலை கடையில் மாட்டினார்கள். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டால் போதும், அந்தப் பச்சைப் பெயின்ட் உரிந்துவிடும் என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு துணியை விரித்துப் போட்டார். சகலை பெடலை மிதிக்க, இவர் சக்கரத்தருகே படுத்து, பிரேக் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றினார்.

"மிதி... பிடிச்சுக்கோ... இப்ப விடு."

நாலு சக்கரத்திலும் குமிழி நின்றது. பெடல் கல்லாக நின்றது.

டாக்டரம்மா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சகலையைப் பார்த்து, "உங்க கை ராசியான கைங்க" என்றார்.

பெடல்காரருக்குச் சுருக்கென்றது. "அம்மா, போன தடவ உள்ள கீறிக் கெடுத்தது நான்தான். சரி பண்ணதும் நான்தான்."

இரண்டாவதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று உடனே தோன்றியது. அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப பிரேக் மட்டும் உங்ககிட்ட. மத்ததெல்லாம் இவர்கிட்ட. சரிதானே?"

பெடல்காரர் தலையாட்டினார். வீட்டுக்கு நடக்கையில், முழு வீட்டை விட்டுக்கொடுத்து ஓர் அறையை வாங்கிக்கொண்டது போலிருந்தது.

"என்னங்க, தங்கச்சி போன் பண்ணா. உங்க வேலய அவ வீட்டுக்காரர் வாய் ஓயாம புகழ்றாராம்."

"அதையும் அவன்தான் செய்யணுமா?" என்றபடி கைகழுவப் போனார்.