வளைவு வந்தா எங்க ஜீப்புல பேச மாட்டோம்

முத்தையா அண்ணே போயிட்டார்.

காலையில போடி ஜீப் ஸ்டாண்டுல நிக்கும்போதுதான் சொன்னாங்க. தூக்கத்துலயே உயிர் போயிருச்சாம்...

எங்க ஏலக்காட்டு ஜீப் டிரைவர். நான் காட்டு வேலைக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து போடிமெட்டு ஏத்தி இறக்கினது அவர்தான்.

அப்பல்லாம் அவர் வண்டி ஓட்டுறதைப் பார்த்தா புதுசா வர்றவங்க கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. ஒரு கை ஸ்டியரிங்ல. இன்னொரு கையில வறுத்த கடலையைக் கசக்கித் தோலை ஊதுவார். பின்னாடி சீட்டுக்குச் சண்டை நடந்தா அதுக்குப் பஞ்சாயத்தும் பண்ணுவார். இத்தனையும் கொண்டை ஊசி வளைவுல!

எனக்கு மலை ஏறினா குமட்டும். கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்த்துட்டு, திரும்பாமலே ஒரு எலுமிச்சம்பழத்தைப் பின்னாடி நீட்டுவார். "மோந்துக்கிட்டே வா தாயி. என்னைய வண்டி கழுவ விட்றாத."

எங்க ஜீப்புல ஒரு வழக்கம். முன் சீட்டுல உக்கார்றவங்க டிரைவர்கிட்ட பேச்சுக் கொடுத்துக்கிட்டே வரணும். விடியக்காலையில அவர் கண் அசந்துறக் கூடாதுல்ல.

வாயாடின்னு பேர் எடுத்ததால கடைசியில அந்த சீட் எனக்கே வந்துருச்சு. வருஷக்கணக்கா பேசினேன். அவர் எனக்கு மேல பேசினார்.

அப்புறம்... எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியல. வளைவு வந்தா அவர் பேச்சு பாதியில நிக்கும். தாண்டினதும் மிச்சத்தைச் சொல்வார். கடலையும் நின்னுபோச்சு. ரெண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு வராது. வயசாகுதுன்னு விட்டுட்டேன்.

ஒருநாள், "அண்ணே, மக கல்யாணம் எப்ப?"ன்னு சும்மா கேட்டேன். மனுஷன் நட்ட நடு வளைவுல பிரேக் போட்டு வண்டியையே நிறுத்திட்டார். என் பக்கம் திரும்பி, "தையில வச்சிருக்கோம் தாயி. மாப்ள தேவாரத்துக்காரர்"னு நிதானமா சொல்றார். பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான்.

ஜீப்பே சிரிச்சுது. அவர் மட்டும் சிரிக்கல. பதிலைச் சொல்லி முடிச்ச பிறகுதான் வண்டியை எடுத்தார், அப்பத்தான் எங்களுக்கு விஷயம் புரிஞ்சுது.

ஓட்டுறதுல குறையே இல்ல. பேசிக்கிட்டே ஓட்டத்தான் முடியல. ஓனர் காதுக்குப் போனா சாவியைப் பிடுங்கிருவார். அதுக்காக சும்மாவும் இருக்க முடியாது, எங்க உசுரும் அதே வண்டியிலதான.

யாரும் கூடிப் பேசி முடிவு பண்ணல. மறுநாள்ல இருந்து வளைவு வந்தா ஜீப் மொத்தமும் கம்முனு ஆயிரும். சாவு வீட்டுலயே கதை பேசுற கூட்டம் நாங்க! வளைவு தாண்டினதும் விட்ட இடத்துல இருந்து ஆரம்பிப்போம். அவருக்கு இது தெரியாதுன்னு வேற நினைச்சுக்கிட்டோம்.

ஒரு சாயங்காலம் எங்களை இறக்கி விட்டுட்டு, ஓனர் கேட்காமலே அவராவே போய் சாவியைக் குடுத்துட்டார். "நல்லாத்தானண்ணே ஓட்டுறீங்க, ஏன் இப்படிப் பண்ணீங்க?"ன்னு சண்டைக்குப் போனேன்.

"ஓட்டிருவேன் தாயி. எனக்காக நீங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு வர்றீகளே... அதைத்தான் தாங்க முடியல."

அதுக்கப்புறமும் தினம் ஸ்டாண்டுக்கு வந்துருவார். டீக்கடை வாசல்ல நின்னு கடலையைக் கொறிச்சுக்கிட்டே ஊர்க்கதை. அப்புறம் அவரே, "வெரசா ஏறுங்கத்தா, சோலி கெடக்குல்ல"ன்னு எங்களை விரட்டுவார்.

இன்னைக்கு அந்த இடம் காலியா இருந்துச்சு. பார்க்க முடியல.

மக வந்த பிறகு நாளைக்குத்தான் எடுக்கிறாங்களாம். அதனால ஜீப் ஏறினோம். இப்ப ஓட்டுறது ஒரு சின்ன வயசுத் தம்பி. பாட்டும் போடுவான், போனும் பேசுவான், திட்டினா திருப்பியும் திட்டுவான். அவன் வந்ததுல இருந்து நாங்களும் வளைவு நேர் ரோடுன்னு பார்க்காமத்தான் பேசிக்கிட்டு வர்றோம்.

இன்னைக்கு முதல் வளைவு வந்துச்சு. ஜீப் மொத்தமும் கம்முனு ஆயிருச்சு.

தம்பி பாட்டை நிறுத்திட்டான். "என்னக்கா, என்னாச்சு எல்லாருக்கும்?"

வளைவு தாண்டட்டும்னு இருந்தோம்.

போயிட்டு வாங்கண்ணே. இனிமே ரோட்டைப் பார்க்க வேண்டாம்... பேசிக்கிட்டே போங்க.