தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு

முள்ளியவளையில் தனியே இருக்கிறேன். வீட்டுக் கிணறு உவர் என்பதால், குடிதண்ணீருக்குத் தினமும் கோயில் கிணற்றுக்குப் போவேன். வெளிநாட்டிலுள்ள மகன் இரக்கப்பட்டு, தண்ணீர் வடிகட்டும் மெசின் பூட்டித் தந்தான். பிறகு நான் வாசல் படலையைத் தாண்டவேயில்லை. போனைப் பார்த்தபடி படுத்திருப்பேன். மகனோடும் போனில் எழுதித்தான் கதைப்பேன். சமைக்கவும் மனம் வராது. வயதுச் சோர்வென்றே நினைத்தேன்.

ஒருநாள் மீன்காரரைக் கூப்பிட வாய் திறந்தேன், குரலே வரவில்லை. கடைசியாக யாரோடு பேசினேன் என்று நினைவில்லை. பயந்துபோனேன்.

"என்னக்கா, சுகமில்லையோ? கிணத்தடியில எல்லாரும் உங்களைக் கேக்கினம்" என்றார், என்னைக் கண்டு நின்ற அவர். அழுதுவிட்டேன்.

இப்போது மறுபடியும் கிணற்றடிக்குப் போகிறேன். மெசின் எப்படியென்று மகன் கேட்டால், "ஓம் தம்பி, நல்லா வேலை செய்யுது" என்பேன். அதன் வயரைக் கழற்றி மாதக்கணக்காகிறது.