அடிநூல் தீரும் சத்தம்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் கடைத்தெருவில் அதைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘பார்மட்’ என்று கேளுங்கள், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அந்த எலிப்பொந்துக் கடைக்குக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் விடுவார்கள்.

பெயர் வந்த கதை பெரிய கதையெல்லாம் இல்லை. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு யார் போனாலும், என்ன கோளாறு என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் மனிதர் கையை உயர்த்திவிடுவார். “பார்மட் போட்டுடலாம், விடுங்க.” பிரிண்டர் வேலை செய்யவில்லையா, பார்மட். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையா, பார்மட். உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்து எறிந்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டால் தீராத வியாதி இல்லை என்பது அவருடைய சித்தாந்தம். சும்மா சொல்லக் கூடாது, கைகாரர்தான். மூன்று பிஸ்கட் டின் நிறையப் பழைய டிரைவர் சிடிகள் வைத்திருந்தார். டிரைவர் என்றால் வேறொன்றுமில்லை, கம்ப்யூட்டர் சொல்வதைக் கருவிக்கும் கருவி சொல்வதைக் கம்ப்யூட்டருக்கும் எடுத்துச் சொல்லும் சின்ன நிரல். அது இல்லாவிட்டால் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கம்பெனிக்காரனே தலைமுழுகிவிட்ட சாமானுக்கெல்லாம் அவரிடம் டிரைவர் கிடைக்கும். ஒவ்வொரு சிடி மேலும் எந்தச் சாமான், எந்த வருஷம் என்று குண்டு குண்டாக எழுதியிருக்கும். அது அவர் மனைவியின் கையெழுத்து.

அந்த அம்மாள் வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவள். ஆஸ்பத்திரிக்கும் ஓட்டல்களுக்கும் நீள நீளமான பச்சைத் துணிகள். முப்பது வயதில் ஒரு விஷக்காய்ச்சல் வந்து, உயிரை விட்டுவிட்டுக் காதை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. இரண்டு வருஷம் ஒன்றுமே கேட்காமல் இருந்தாள். பிறகுதான் காதுக்குப் பின்னால் மாட்டும் அந்தக் கருவி வந்தது.

கருவியை மாட்டினால் மட்டும் போதாது. எந்தச் சத்தத்தை எவ்வளவு கூட்டுவது, எதை அமுக்குவது என்று ஆளுக்குத் தகுந்தபடி கம்ப்யூட்டரில் அளவு வைத்து, அதைக் கருவிக்குள் ஏற்ற வேண்டும். காது நிலையத்தில் அந்த வேலையைப் பார்த்தவளை எல்லோரும் ‘செட்டிங் அம்மா’ என்பார்கள். மூன்று மாதம், சனிக்கிழமை தவறாமல், இவளை எதிரில் உட்காரவைத்துக் கரண்டியைக் கீழே போடுவாள், காகிதத்தைக் கசக்குவாள், குழாயைச் சொட்ட விடுவாள். “இப்படித்தான் இருக்குமா? இல்ல, இன்னும் கொஞ்சம் கம்மியா?” என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக வைத்தாள். கடைசிச் சனிக்கிழமை புருஷனைக் கூப்பிட்டு, “ஏதாவது பேசுங்க” என்றாள். மனிதருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. “சாப்ட்டியா?” என்று கேட்டார். அவள் அழுதுகொண்டே, “இது அவர் குரல்தான்” என்றாள். அந்த அளவு இருபத்தேழாம் எண் கோப்பாக நிலையத்துக் கம்ப்யூட்டரில் பதிவானது.

பதினான்கு வருஷம் ஓடியது. செட்டிங் அம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனாள். அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் சாகாமல் விண்டோஸ் எக்ஸ்பியோடு மூலையில் இருந்தது. அந்த வகைக் கருவிக்கான நிரல் அதில்தான் ஓடும்.

இந்த வருஷம் கருவிக்குள் பேட்டரி கசிந்து அரித்துவிட்டது. சர்வீஸுக்குப் போனது. உள்ளிருந்த சிப்பை மாற்றி, ஆறு வாரம் கழித்து, பிறந்த குழந்தையைப் போல ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்தது. அதனால் என்ன, இருபத்தேழாம் எண்ணைத் திறந்து ஏற்றினால் ஐந்து நிமிஷ வேலை.

அந்த ஆறு வாரமும் அவள் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். தையல் மிஷினில் மேல்நூல் கண்ணுக்குத் தெரியும். அடிநூல், மிஷினுக்கு அடியில் பாபின் என்ற சின்ன உருளையில் ஒளிந்திருக்கும். அது தீர்ந்துபோனால் மிஷின் சத்தம் மாறும். அவள் அதைக் காதால்தான் பிடிப்பாள், ஓர் அங்குலம் தப்பாது. இப்போது அடிநூல் இல்லாமலே கஜக்கணக்கில் ஓட்டிவிட்டு, துணியைத் தூக்கிப் பார்த்தால் வெறும் ஊசி ஓட்டைகள். பிரித்துத் தைக்கவும் அங்கே ஒன்றும் இருக்காது.

“இன்னிக்கு ஏத்திடுவாங்களா?” என்று காலையில் கேட்டாள்.

“சாயங்காலம் நான் கூப்பிட்டா அடுப்படியில இருந்தே நீ ‘என்ன’ன்னு கேப்ப, பாரு” என்று அவள் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து சொல்லிவிட்டுக் கருவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

காது நிலையத்து முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். “வாங்க பார்மட், நல்ல நேரத்துல வந்தீங்க. அந்தக் கிழட்டு சிஸ்டம் மக்கர் பண்ணுது. பெட்டி கிடைக்கலன்னு சொல்லுது.”

பெட்டி என்பது கருவியைச் செருகும் சின்ன டப்பா. அதிலிருந்து வரும் ஒயர் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு மின்சுற்று அட்டையில் போய்ச் சேரும். இவர் உட்கார்ந்து, கருவிகளின் பட்டியலான டிவைஸ் மேனேஜரைத் திறந்தார். அந்த அட்டையின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஓர் ஆச்சரியக்குறி. டிரைவர் தகராறு.

கீழ் மூலையில் தேதி 2002 ஜனவரி ஒன்று என்று காட்டியது. “உங்க சிஸ்டம் இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கே!” என்று சிரித்துக்கொண்டே தேதியைச் சரிசெய்தார். ஏன் மாறியது என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். படுபாவி, யோசிக்கவில்லை.

டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். மஞ்சள் போகவில்லை. சிடியைத் துடைத்துப் போட்டார். பாதியில் ஒரு கோப்பு காணோம் என்று நின்றது. பிஸ்கட் டின்னிலிருந்து இன்னொரு பிரதியைக் கொண்டுவந்து போட்டார். முழுதாக ஏறியது, ஆனாலும் மஞ்சள் அப்படியே இருந்தது. ஒருமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார். மனைவி வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வேறு பிடரியைப் பிடித்துத் தள்ளியது.

“பார்மட் போட்டுடலாம்” என்றார். “முக்கியமானதெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?”

“டெஸ்க்டாப்லதான் இருக்கும்னு நினைக்கிறேன். அந்தம்மா இருந்த வரைக்கும் நான் அது பக்கமே போனதில்லையே” என்றார் முதலாளி.

டெஸ்க்டாப்பையும் மை டாக்குமென்ட்ஸையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டார். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அவர் எடுப்பது அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாக யாரும் ஒரு குறை சொன்னதில்லை. பிறகு எக்ஸ்பி சிடியைப் போட்டார், எஃப் எட்டை அழுத்தினார், பழைய சி டிரைவைத் துடைத்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வார்.

எல்லாம் முடிந்து, அட்டையைக் கழற்றி மாட்டுவதற்காக மின்சாரத்தை நிறுத்தித் திரும்பப் போட்டபோது, மூலையில் மறுபடியும் 2002 ஜனவரி ஒன்று. மஞ்சள் குறியும் பழையபடி.

அப்போதுதான் மனிதருக்குப் புரிந்தது. மதர்போர்டில் பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். கம்ப்யூட்டரை நிறுத்தி வைத்தாலும் தேதியையும் சில அடிப்படை ஏற்பாடுகளையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். அது செத்துப்போயிருந்தது. அதனால் செட்டிங் அம்மா காலத்தில் அணைத்து வைத்திருந்த இன்னொரு போர்ட் தானாக விழித்துக்கொண்டு, அந்த அட்டைக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. டிரைவரில் தகராறே இல்லை. புது பேட்டரியைப் போட்டு, அந்தப் போர்ட்டை அணைத்தார். இரண்டு நிமிஷம். மஞ்சள் மறைந்தது.

கருவிக்கான நிரலைச் சிடியிலிருந்து போட்டுத் திறந்தார். நோயாளிகள் பட்டியல் காலி. பென் டிரைவைத் துழாவினார். நாலைந்து கடிதங்கள், செட்டிங் அம்மாவின் பேரன் போட்டோ ஒன்று. அந்தப் பழங்கால நிரல் அளவுகளையெல்லாம் சி டிரைவில் தன் சொந்த ஃபோல்டரிலேயே வைத்திருந்தது. இவர் அதன் மேலேயே விண்டோஸை எழுதி முடித்திருந்தார்.

அழிந்ததை மீட்கும் நிரல்கள் இரண்டை ஓட்டினார், அன்றும், ‘நாளைக்கு’ என்று வீட்டில் சமாளித்துவிட்டு மறுநாளும். சில கோப்புகள் உருக்குலைந்து வந்தன. இருபத்தேழு என்ற பெயரும் வந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

“என்ன ஆச்சு?” என்றார் முதலாளி.

“ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே போயிருந்துச்சு” என்றார் இவர். அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது.

“நல்லவேளை, மத்தவங்க அளவெல்லாம் அவங்கவங்க கருவியிலேயே இருக்கு. காலியா வந்தது உங்க வீட்டம்மாவோடது ஒண்ணுதான்.” சொன்ன பிறகுதான் முதலாளிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. “புதுசா அளவு வெச்சுடலாம் பார்மட்.”

“யார் வைக்கிறது? அந்தம்மா போயாச்சு. அப்ப காது போய் ரெண்டே வருஷம், நிஜத்துல எந்தச் சத்தம் எப்படி இருக்கும்னு அவளுக்கு ஞாபகம் இருந்துச்சு. பதினாறு வருஷம் கழிச்சு இதுதானா குழாய்ச் சத்தம்னு கேட்டா, அவ என்னத்த சொல்லுவா?”

கம்பெனி கொடுத்த பொது அளவு ஒன்றை ஏற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். மாட்டினாள். அடிபட்டவள் போல முகம் ஒரு முறை சுளித்தது. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சாப்ட்டியா?” என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். “கேக்குது” என்றாள். “நல்லா கேக்குதுங்க.”

இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நம்ப விரும்புகிறவனுக்குச் சாட்சி எதற்கு? நாலு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டார், கடையில் சிரித்துப் பேசக்கூடச் செய்தார்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய திரைச்சீலைகளை மடித்துக் கொடுக்கலாமென்று ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உதறினார். விளிம்பு நெடுக ஊசி ஓட்டைகள். நூல் இல்லை. அடுத்ததை எடுத்தார். அதிலும் பாதிக்குமேல் அப்படியே. அவர் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து அவள் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். காதில் கருவி இருந்தது.

“இந்தா” என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

துணியை மடித்துக் கீழே வைத்தார். முதலாளியிடம் சொன்ன பொய் ஞாபகத்துக்கு வந்தது. அவள் முதுகைப் பார்த்துச் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. “நான்தான் அழிச்சேன். டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல. ஒரு பேட்டரிய மாத்தியிருந்தா போதும். அவசரப்பட்டுத் துடைச்சுட்டேன். பதினாலு வருஷம் நீ கேட்டதையெல்லாம் நான்தான் துடைச்சேன்.”

அவள் துணியைத் திருப்பி மறு விளிம்பை ஓட்ட ஆரம்பித்தாள்.

அழுகை வந்தது அவருக்கு. வெட்கமாகவும் இருந்தது. செவிடியின் முதுகுக்குப் பின்னால் மன்னிப்புக் கேட்பவனைவிடக் கேவலமானவன் யார் என்று தோன்றியது. சுற்றிக்கொண்டு போய் மிஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் மிதிப்பதை நிறுத்தினாள். முதலிலிருந்து மறுபடியும் சொன்னார், ஒரு வார்த்தை விடாமல், அவள் உதடு படிக்கும்படி நிதானமாக.

அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்” என்றாள்.

“யார் சொன்னா?”

“நீங்கதான். அன்னிக்கு ‘சாப்ட்டியா’ன்னு கேட்டீங்களே, அந்த மூஞ்சிய பார்த்தப்பவே நீங்கதான் ஏதோ பண்ணிட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்குக் கேட்டதெல்லாம் தகரத்த உரசற மாதிரி ஒரு இரைச்சல். உங்க குரல் அதுல இல்ல. கேக்கலன்னு சொன்னா அந்த நிமிஷமே நீங்க உடைஞ்சுடுவீங்கன்னு பயமா இருந்துச்சு.” கருவியைக் கழற்றி ஊசிகள் வைக்கும் டப்பாவில் போட்டாள். “நாலு நாளா தலைய பிளக்குது. இனிமே எது சொல்றதா இருந்தாலும் முன்னாடி வந்து சொல்லுங்க. முதுகுகிட்ட பேசாதீங்க.”

அவர் தலையை ஆட்டினார். அவள் கெட்டுப்போன திரைச்சீலையை இழுத்து மிஷினில் வைத்தாள். அது மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போயாகவேண்டியது.

“பக்கத்துல உக்காருங்க. பாபின்ல நூல் கொஞ்சம்தான் இருக்கு. தீர்ந்தா சத்தம் மாறும். மாறினதும் என் தோளத் தொடுங்க, போதும்.”

கொஞ்சம் உயிர் வந்தவராக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினார். இத்தனை வருஷம் அதே வீட்டில், அதே மிஷின் ஓடக் கேட்டவர்தானே. மிஷின் கடகடவென்று ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. இதுவா, இப்போதா என்று இரண்டு முறை கை எழுந்து, சந்தேகப்பட்டுக் கீழே இறங்கியது.

அவளே நிறுத்தினாள். துணியைத் தூக்கிப் புரட்டினாள். கடைசி இரண்டு கஜம் வெறும் ஓட்டைகள்.

“மாறவே இல்லையா?” என்று கேட்டாள்.

மாறியிருக்கும். அவருக்குத்தான் முதலிலிருந்து கடைசிவரை எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்டது.