ரேணிகுண்டாவில் அரை மணி நேரம்

கேப்டன் சார், என் மகளின் ஜாத்திரையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டியவன். ஹாரன் அடித்துத்தான் பழக்கம்.

என் சின்ன மகள் ஹேமா விமானம் ஓட்டுகிறாள். போன வருடம்தான் கேப்டன் ஆனாள். எங்கள் ஊர் ஆந்திராவில், வரதய்யபாளையத்துக்குப் பக்கம். மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கங்கம்மா ஜாத்திரை, அம்மன் திருவிழா. முதல் பொங்கல் பானையை ஏழு வீடுகள் வருடத்துக்கு ஒன்றாக முறை வைத்து எடுக்கும். முறை வந்த வீட்டின் கல்யாணமாகாத பெண்தான் பானையைத் தூக்க வேண்டும். போன முறை அவள் அக்கா தூக்கினாள். இந்த வருடம் எங்கள் முறை. ஹேமாவுக்கு ஆவணியில் கல்யாணம்.

கணக்கு புரிகிறதா? இந்த வருடம் விட்டால் அவளுக்கு இனி கிடையாது.

ஜனவரியிலேயே லீவு கேட்டாள். ஒரு வாரத்தில் இரண்டு கேப்டன்களுக்குத்தான் லீவாம். சீனியாரிட்டி லிஸ்டில் மேலே இருப்பவர்கள் முதலில் எடுப்பார்கள். மிச்சம் மீதி கீழே வரும். அந்த மே வாரத்தை நீங்களும் உங்களுக்கு அடுத்தவரும் எடுத்துவிட்டீர்கள். வருடா வருடம் அது உங்களுடையதுதானாம்.

ஃபோன் பண்ணினாள்.

"நைனா, லீவு கெடைக்கல."

"நீயும் கேப்டன்தானே?"

"கேப்டன்தான். கடைசி கேப்டன்."

"அந்தப் பெரியவருகிட்ட கேட்டியா? செவ்வாகெழம ஒரு நாளு போதும்னு சொன்னியா?"

"சொன்னேன் நைனா. 'நானும் ஜூனியரா இருந்து வந்தவன்தாம்மா, வெயிட் பண்ணுங்க, உங்க டர்ன் வரும்'னாரு."

டர்ன்! அந்த வார்த்தையில்தான் எனக்குக் கொதித்தது. டர்ன் என்றால் என்னவென்று எங்கள் டெப்போவில் வந்து கேளுங்கள் சார்.

அங்கே கன்ட்ரோலர் அறைச் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. டிரைவர்கள் பெயர் தெலுங்கில், சீனியாரிட்டிப்படி. சங்கராந்தி லீவு ஆறு பேருக்குத்தான். மேலே இருப்பவன் முதலில் கேட்பான் — அது சரி. நான் சீனியாரிட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. உழைத்தவனுக்கு அந்த மரியாதை வேண்டும். ஆனால் சங்கராந்திக்குப் போனவன் பெயருக்குப் பக்கத்தில் கன்ட்ரோலர் ரமணய்யா சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அடுத்த வருடம் அவன் வரிசையில் கடைசி. எத்தனை வருட சர்வீஸ் இருந்தாலும் சரி.

எந்த அதிகாரியும் உத்தரவு போடவில்லை. சண்டை போட்டுப் போட்டு நாங்களே கண்டுபிடித்த ஏற்பாடு.

நான் மட்டும் யோக்கியனா? ஒரு வருடம் எனக்கும் புத்தி கெட்டது. பட்டியலில் மூன்றாவது ஆள் ஆகிவிட்ட திமிர். ரமணய்யா டீ குடிக்கப் போன நேரத்தில் கட்டைவிரலை எச்சில் தொட்டு, என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த குறியை அழித்துவிட்டேன். அழித்தவன் விரலைத் துடைத்தேனா? இல்லை. அப்படியே வெளியே வந்து டீ கிளாஸைக் கையில் வாங்கினேன்.

கண்டக்டர் மஸ்தான் பார்த்துவிட்டான்.

"இன்னா மேஸ்திரி, வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கினியா? உனுக்குத்தான் வெத்தல பழக்கமே இல்லியே!"

டெப்போவே சிரித்தது. ரமணய்யா என் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"ஏமய்யா, போன சங்கராந்திக்குப் பொங்கல் துன்னது யாரு? நுவ்வே கதா?"

"நான்தான் சார்."

"அப்போ இந்த வருசம் பஸ்ஸு ஓட்டு."

ஓட்டினேன். பொங்கலன்று காலை சத்தியவேட்டிலிருந்து சென்னைக்கு. எனக்குப் பதில் வீட்டுக்குப் போனவன் லிஸ்டில் கடைசியில் இருந்த பையன். கல்யாணமான முதல் வருடம். திரும்பி வந்தவன் ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய அதிரசம் கொண்டுவந்து என் சீட்டில் வைத்தான். தின்றுவிட்டேன்... அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அந்தக் கரும்பலகை இப்போது இல்லை. மஸ்தானும் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்கு அந்தக் குறியைப் போட யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

சரி, ஜாத்திரைக்கு வருவோம்.

அன்று காலை ஏழு வீட்டுக்காரர்களும் கோயில் முன்னால் கூடினோம். பெரிய வீட்டு முனுசாமி என்னிடம் வந்தார்.

"உன் பொண்ணு வர்லியா? அப்போ மொறை அடுத்த வூட்டுக்குப் போவுது. இன்னா சொல்ற?"

"போவட்டும்ணா," என்றேன். வேறென்ன சொல்வது?

அடுத்த வீட்டுப் பெண் தலையில் பானை ஏறிய நேரத்தில் என் ஃபோன் அடித்தது.

"நைனா, ரேணிகுண்டா ஏர்போர்ட்டுல நிக்கறேன்."

"லீவு குட்த்தாங்களா?"

"இல்ல நைனா. ஐதராபாத்துலருந்து ஃபிளைட்டு எட்த்துக்கினு வந்தேன். அரை மணி நேரத்துல திரும்பணும். பானை கெளம்பிடுச்சா?"

"கெளம்பிக்கினு இருக்குது."

"யாரு தலையில?"

சொன்னேன். "ஃபோனை பம்பை மேளத்துகிட்ட புடி நைனா," என்றாள்.

பிடித்தேன். பம்பைக்காரன் ஒரு மாதிரி பார்த்தான். நான் கையை எடுக்கவில்லை. திரும்பக் காதில் வைத்தபோது, "பேசஞ்சர் ஏறிக்கினு இருக்காங்க, வெச்சுடறேன்," என்றாள். குரல் சரியாக இல்லை. அந்த விமானத்தில் ஏறியவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

ரேணிகுண்டாவுக்கும் எங்கள் ஊருக்கும் இரண்டு மணி நேரம், பஸ்ஸில். நானே எத்தனையோ முறை ஓட்டிய தூரம்.

கேப்டன் சார், ஒரு கேள்விதான். உங்கள் டர்ன் வந்த பிறகு, அந்த மே வாரத்தை ஒரே ஒரு வருடமாவது கீழே இருந்தவருக்கு விட்டுக்கொடுத்தீர்களா? என் மகளுக்கு ஃபோன் போட்டுச் சொல்ல வேண்டாம். இதே பக்கத்தில், ஊரே படிக்கும்படி எழுதுங்கள்.

என் கட்டைவிரலை நான் காட்டிவிட்டேன். உங்களுடையதைக் காட்டுங்கள்.