கட்டிக்குள் அமிலம்

தென்னூர் அமிர்தசாமி, ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் அட்டெண்டர். ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவர்தான். ஆனால் பதினெட்டு வருஷம் குடுவை கழுவிக் கழுவியே அமிலம், காரமெல்லாம் அத்துப்படியாகிவிட்டது. லேபிள் கிழிந்த புட்டியைக்கூட இன்னதென்று சொல்லிவிடுவார். அதில் உள்ளூர ஒரு பெருமை.

1962-இல் அவர் மனைவி மயிலம்மாளுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு எட்டு மாதம் அவள் வெளியே சொல்லவில்லை. ஆபரேஷன் செய்தும் அடுத்த வருஷமே தழும்பின் ஓரத்தில் பெரிதாக ஒன்றும், அக்குளில் சிறிதாக ஒன்றும் முளைத்தன. டாக்டர் ரெங்கராஜ் மெட்ராஸிலிருந்து மருந்து வரவழைத்து ஊசி போட்டார். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அக்குள் கட்டி சுருங்கியது. மார்பில் இருந்தது அசையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமிர்தசாமி பஸ் ஏறி ஸ்ரீரங்கத்தில் டாக்டர் வீட்டுக்கே போய்விட்டார்.

"ஒரே ஊசிதானுங்களே. சின்னது கரையுது, பெரிசு ஏன் கரையலைங்க?"

டாக்டர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். "பெரிய கட்டிக்குள்ள ரத்த ஓட்டம் சரியா இருக்காது. மருந்து போய்ச் சேரணுமே. அதோட, இந்தக் கட்டி சர்க்கரையை எடுத்து அமிலமா வெளியே தள்ளுது. அந்தப் புளிப்புல சில மருந்து வேலை செய்யாமப் போகுதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். நிச்சயமாத் தெரியாது."

அமிலம் என்றதும் அமிர்தசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "காரம் சேர்த்தாச் சரியாயிடுமேங்க! நாங்க தெனம் செய்யறதுதானே!"

"குடுவையில செய்யலாம், அமிர்தசாமி. உடம்பு விடாது. ரத்தம் தன் அமில, கார அளவை லேசுல மாத்திக்காது. ரொம்பக் குடுத்தா ஆபத்து."

அமிர்தசாமிக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து காரம்தானே என்று சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கி இரண்டு வேளையும் மனைவிக்குக் கொடுத்தார். வீட்டில் புளியை நிறுத்தினார். லிட்மஸ் தாளை அவள் சிறுநீரில் நனைத்தபோது, காரம் ஏறியதைக் காட்டி நீலமாயிற்று. அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு மாதத்தில் மார்புக் கட்டி உடைந்து நீர் கசிந்தது. அதிலும் தாளை வைத்துப் பார்த்தார். அமிலத்தைக் காட்டும் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. மயிலம்மாளுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

"போதுங்க," என்றாள். "இந்தத் தண்ணி கொடலைப் புரட்டுது. நீங்க ஆசையா கலக்கிக் குடுக்கறீங்களேன்னுதான் குடிச்சேன். எனக்குக் கொஞ்சம் புளிச்சோறு பண்ணித் தாங்க."

அவரே கிளறிக் கொடுத்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

தை பிறந்து ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்தபின் அவர் டாக்டரைப் பார்க்கப் போனார். சோடா உப்பு கொடுத்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"அதனாலதான் சீக்கிரம் போயிட்டாளாங்க?"

"அப்படி எனக்குத் தோணலை. வீக்கத்தை வேணா கொஞ்சம் கூட்டியிருக்கலாம். கட்டிக்கு அது எட்டியே இருக்காது."

குற்றம் தன்மேல் என்று டாக்டர் சொல்லியிருந்தால்கூட உட்கார்ந்து அழுதிருப்பார்; செய்தது எதுவுமே கட்டியை எட்டவில்லை என்பதற்கு எப்படி அழுவதென்று தெரியவில்லை. எழுந்து, "போயிட்டு வரேங்க" என்று கும்பிட்டார். வெளியே வந்தவருக்குப் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்பதே சற்று நேரம் பிடிபடவில்லை.