குமிழி இல்லை என்று எழுதிய நாள்

1. அப்பாவின் வலது நுரையீரலில் கட்டி இருந்த மேல் பகுதியை வெட்டி எடுத்தார்கள்.
2. விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய புட்டியில் மூழ்க வைத்தார்கள்.
3. அப்பா இருமும்போதெல்லாம் தண்ணீரில் குமிழிகள் வந்தன. மீதி நுரையீரல் எங்கோ கசிகிறது என்று பொருள்.
4. மூன்றாம் நாள் குமிழிகள் நின்றன.
5. நான்காம் நாள் காய்ச்சல் கண்டது.

நான்குக்கும் ஐந்துக்கும் இடையே விட்டுப்போன வரி என்னுடையது.

கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அப்பா போர்ட் கிள்ளானில் லோரி டயர்களுக்கு ஒட்டுப் போடுபவர். முதல் நாள் அவருக்குப் புட்டியை விளக்கப் போனேன்.

“குமிழி வந்தா காத்து கசியுதுன்னு அர்த்தம்பா.”

“எனக்கே பாடமா? ட்யூப்பத் தண்ணியில முக்கி முக்கித்தான் உன்னைப் படிக்க வச்சேன். ஒட்டு பிடிச்சா குமிழி நிக்கும் லா.”

கசிவு நிற்காவிட்டால் மறுபடியும் மார்பைத் திறக்க வேண்டிவரலாம் என்று மருத்துவர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். அப்பா தலையாட்டினார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் விடுப்பு எடுத்து, தலைநகரில் மருத்துவமனைக்குப் பக்கத்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் தோழியின் அறையில் தங்கி, தினமும் காலையில் வார்டுக்குப் போனேன். பயத்தை வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த ஒரே இடம் அட்டவணை. நேரம், வடிந்த நீரின் அளவு, நிறம், குமிழி உண்டா இல்லையா. அரை மணிக்கு ஒரு முறை குனிந்து பார்த்து எழுதினேன். நான் குனியும்போது அப்பா என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் முழுக்க ‘இல்லை’ என்று எழுதினேன். பதினான்கு முறை.

மறுநாள் காலை அவர் உடம்பு கொதித்தது. வார்டு தாதி மிஸி வந்து புட்டிக்குள் இருந்த குழாயை வெகுநேரம் பார்த்தார். மூச்சுக்கு ஏற்ப அதில் தண்ணீர் ஏறி இறங்க வேண்டும். அது அசைந்ததே தெரியவில்லை.

“அங்கிள், நல்லா இருமுங்க.”

அப்பா தொண்டையைச் செருமினார்.

“இதுவா இருமல்? எங்க வீட்டுப் பூனை இதைவிட நல்லா இருமும்.”

“இருமினா குமிழி வரும் மிஸி. மக எழுதிருவா. அப்புறம் டாக்டர் திரும்ப அறுப்பாரு.”

மிஸி என்னைத் திட்டவில்லை. நோட்டை வாங்கி ஒரு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எக்ஸ்ரேயில் நுரையீரலின் கீழ்ப்பகுதி சளி அடைத்துச் சுருங்கியிருந்தது. ஒரு பகல் முழுவதும் அப்பா இருமலை விழுங்கியிருக்கிறார், மூச்சைக்கூட மேலோட்டமாகவே விட்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து அதற்கு நான் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

தலையணையை மார்போடு அணைத்துப் பிடித்து அவரை இரும வைத்தார்கள். புட்டி கொதிப்பதுபோல் குமிழிகள் வந்தன. கசிவு நிற்கவே இல்லை.

அதன்பின் புட்டியை எடுத்துவிட்டு எண் காட்டும் பெட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். தானே உறிஞ்சும், நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்று கசிகிறது என்று திரையில் காட்டும், முந்தைய பல மணி நேரத்தையும் கோடாக வரைந்து வைத்திருக்கும். புட்டி நாம் பார்க்கும் கணத்தை மட்டும்தான் சொல்லும். பெட்டியை யாரும் மூச்சடக்கி ஏமாற்ற முடியாது. கருவி என்ற முறையில் பெட்டிதான் மேல், சந்தேகமில்லை. ஆனால் எண்பது, அறுபது, மறுபடி எண்பது என்று அது மாறுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

காய்ச்சல் இறங்கி, நுரையீரல் விரிந்த பிறகும் எண் பூச்சியத்துக்கு வரவில்லை. குழாயோடே கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது இருப்பது மூன்றாவது வகை: விரல் நீளத்தில் ஒரு வால்வு, அதன் முனையில் ஒரு பை. உள்ளே இருக்கும் ரப்பர் நாக்கு காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. தண்ணீர் இல்லை, எண் இல்லை.

“டயர் வால்வைத் திருப்பி மாட்டியிருக்கான்,” என்றார் அப்பா.

இந்த வால்வைத் திருப்பி மாட்டினால் ஆள் பிழைக்க மாட்டார் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதன்மேல் அம்புக்குறி இருக்கிறது. பை மாற்றும்போதெல்லாம் அது மார்பிலிருந்து வெளிப்பக்கம் காட்டுகிறதா என்று மூன்று முறை பார்க்கிறேன். பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய், திரும்பி வந்து மறுபடியும் பார்க்கிறேன்.

இன்று இருபத்தாறாம் நாள். குழாய் உள்ளேதான் இருக்கிறது. கசிவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. வியாழக்கிழமை மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். இன்னொரு அறுவை வேண்டுமா என்பதை அன்றைக்குச் சொல்வார்கள்.