தொழிற்சாலை பஸ்ஸில் ஒரு மாணவி

பஸ் செமிலிங் வளைவில் திரும்புவதற்குள் தேவகி எழுந்துவிட்டாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கைப்பேசியை நீட்டியபடி, தூக்கம் கலையாத முகங்களுக்கு நடுவே போய் நின்றாள்.

"சாந்தினி, இப்ப ரேடியோவுல போச்சே ஒரு பாட்டு, அது உன்னை என்னா பண்ணுச்சு?"

"ஒன்னும் பண்ணலக்கா. தூக்கம் வருது."

"பாட்டால வந்த தூக்கமா, முன்னாடியே இருந்த தூக்கமா?"

சாந்தினி மலாய்ப் பெண்கள் துடோங் கட்டுவது போலச் சால்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டாள். ஓட்டுநர் இருக்கையில் இருந்த மனோகரன் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தார். கேள்வி கேட்பவள் அவருடைய மனைவி. கட்டியவளையே பஸ்ஸிலிருந்து இறக்கிவிடும் ஓட்டுநரை ஊர் சும்மா விடாது.

தேவகி பதினைந்து வருடம் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கைதட்டிப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள். மகள் ரூபினி பட்டம் வாங்கிக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன வருடமே, இவள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். இசை மனிதர் மனத்துக்குள் என்ன செய்கிறது, மனிதர்களுக்கு நடுவில் என்ன செய்கிறது என்பதுதான் படிப்பு. "பாட்டு படிக்கப் போறியா?" என்று மனோகரன் கேட்டபோது, "பாடுறதுக்கு இல்லங்க, கேக்குறவங்களப் படிக்க" என்றாள். அது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அதன் தொல்லை மட்டும் நன்றாக விளங்கியது.

வீட்டில் அவரால் நிம்மதியாக ஒரு பாட்டை முணுமுணுக்க முடியாது. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "ஏன் இந்தப் பாட்டு? எதை நெனச்சீங்க?" என்பாள். காதில் காதொலிப்பானை மாட்டிவிட்டு, சோகம் எவ்வளவு என்று ஒன்றிலிருந்து ஏழுக்குள் சொல்லச் சொல்வாள். அவர் எல்லாவற்றுக்கும் நாலு என்பார். "உங்கள வச்சு ஒரு ஆராய்ச்சியும் பண்ண முடியாது" என்று அவள் சலித்துக்கொள்ளும்போது அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி. சாவு வீட்டில் உறுமி அடித்தவர்களிடம், எந்த அடியில் ஜனம் அதிகமாக அழுதது என்று கேட்டவள் அவள். அன்றைக்கு அவர்தான் நாலு பேரிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆய்வுக்கு அவள் தேர்ந்தெடுத்த இடம் அவருடைய பஸ் என்று தெரிந்தபோது அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏன்லா, உலகத்துல வேற எடமே இல்லையா?"

"எல்லா இனமும் ஒரே ரேடியோவக் கேக்குற எடம் எங்க இருக்கு, சொல்லுங்க? யாரு பாட்டப் போடுறா, யாரு சும்மா கேட்டுக்கிறா... அதுதாங்க சமுதாயம்."

மெர்போக்கிலிருந்து சுங்கைப்பட்டாணித் தொழிற்பேட்டைக்குப் போகும் அந்த பஸ்ஸில் ஓர் ஏற்பாடு இருந்தது. செமிலிங் சந்திப்பு வரைக்கும் தமிழ் வானொலி. அதற்கப்புறம் மலாய் நிலையம். யாரும் சொல்லி வைத்ததல்ல. பல வருடங்களுக்கு முன்பு ஒருநாள் அவர் கை தானாகத் திருப்பியது, யாரும் முணுமுணுக்கவில்லை, அப்படியே நின்றுவிட்டது. அந்த ஒரு திருகலில் தன் பிழைப்பே ஓடுகிறது என்று அவர் நம்பினார்.

தேவகி ஒரு வாரம் கேள்வி கேட்டாள். அவ்வளவுதான்.

தமிழ்ப் பாட்டு முடிவதற்குள் பாதி வழி போய்விடுகிறது என்பது மலாய்க்கார ரொஹானி அக்காவுக்குத் திடீரென்று உறைத்தது. செமிலிங்குக்கு முன்னால் ஏறுகிறவர்களுக்கு மட்டும்தான் தமிழா என்று அதைத் தாண்டி ஏறும் கமருன்னிசா கேட்டாள். அவள் அத்தா வழியில் தமிழ், புருஷன் வழியில் மலாய். இரண்டு பக்கமும் சண்டைக்கு அவளே ஆள். சாந்தினிக்கோ பழைய பாட்டே பிடிக்கவில்லை. கடைசி இருக்கையில் வழக்கமாக வாயே திறக்காத நேப்பாளித் தொழிலாளி தில் பகதூர், தேவகி கேட்டபோது, "எங்கள் பாட்டை இங்கே யாரும் கேட்டதே இல்லை" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். தேவகி அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு, அழகான மலர் ஒன்றைப் பறித்தவள் போல முகம் மலர்ந்தாள்.

மறுவாரம் ரேடியோவின் குமிழ் உடைந்தது. யார் திருகியது என்று இன்றுவரை தெரியாது. கமருன்னிசாவும் ரொஹானியும் தொழிற்சாலை வாசல்வரை கத்திக்கொண்டே இறங்கினார்கள். அன்று மாலையே பஸ் முதலாளி கூப்பிட்டுவிட்டார். இன்னொரு புகார் வந்தால் அந்த வழியில் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார்.

மனோகரன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கத்தினார்.

"அவங்க பாட்டுக்குத் தூங்கிட்டுப் போனாங்க! நீ ஒவ்வொருத்தரா எழுப்பி, ஒனக்கு என்னா கொற, ஒனக்கு என்னா கொறன்னு கேட்டா? சும்மா இருந்தவங்கள காச்சாவ் பண்ணிக் கெளப்பி விடுறதுக்குப் பேரு படிப்பா?"

"கொறைய நான் போடலங்க. அது உள்ள இருந்துச்சு. நீங்க அதுக்கு மேல ரேடியோவப் போட்டு மூடியிருந்தீங்க."

"மூடியே இருக்கட்டும்லா! மூடியிருந்தாத்தான் பஸ் ஓடும்!"

அவள் அடுப்படியில் நின்று வெகுநேரம் ஒரே பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பேராசிரியர் கிட்ட பேசினேன்" என்றாள். "நிறுத்திறலாமான்னு கேட்டேன். அவரு சொல்றாரு, இப்பத்தான் ஆய்வே ஆரம்பிச்சிருக்காம்."

மனோகரன் அந்தப் பேராசிரியரை ஒருநாளாவது முதல் ஷிப்டுக்கு பஸ் ஓட்ட வைக்கவேண்டும் என்று நினைத்தார்.

அதற்கப்புறம் வானொலி இல்லை. ஆளுக்கு ஒரு காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பாட்டோடு போனார்கள். முன்பெல்லாம் தூங்கித் தோளில் சாய்கிறவர்கள்கூட இப்போது விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பக்கத்தில் நீட்டுகிற வழக்கமும் நின்றுபோனது. தேவகி ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்ளலாம் என்றாள். வெள்ளிக்கிழமை யாருக்கு என்பதிலேயே அது உடைந்தது. ஒருநாள் அவள் கணவன் பக்கம் குனிந்து, "அமைதியும் ஒரு சத்தம்தாங்க, அதையும் எழுதணும்" என்றபோது, அவர் தேவையில்லாமல் ஹாரன் அடித்தார்.

நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், செமிலிங்கைத் தாண்டி எல்லோரும் ஏறிய பிறகு, வழியில் ஒரு லாரி குடைசாய்ந்து, எண்ணெய் ஆலைக்குப் போன செம்பனைக் குலைகள் சாலை முழுக்க உருண்டு கிடந்தன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் நகர முடியவில்லை. தாமதம் என்று தொழிற்சாலைக்குச் சொல்லி முடித்தார்கள். கைப்பேசிகள் ஒவ்வொன்றாக உயிர்விட்டன. வியர்வையும் எரிச்சலும் கூடக்கூட, யாராவது யாரையாவது குறை சொல்லத் தொடங்கும் நேரம் வந்துவிட்டது என்று மனோகரனுக்குத் தோன்றியது. அவர் எதிர்பார்த்தபடியே கமருன்னிசா எழுந்தாள்.

எழுந்தவள் பின்பக்கம் திரும்பினாள்.

"ஒங்க பாட்ட யாரும் கேட்டதில்லன்னு சொன்னீங்கல்ல? இப்ப எங்களுக்கு வேற வேல இல்ல. பாடுங்க பாப்போம்!" என்று மலாயில் கத்தினாள்.

பஸ் சிரித்தது. தில் பகதூர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே சிதறிக் கிடந்த குலைகளைப் பார்த்தார். பிறகு, தனக்கு மட்டும் கேட்டால் போதும் என்பது போலத் தொடங்கினார். மெல்லிய, சற்றே மூக்கடைத்த குரல். மலை ஏறுகிறவன் மூச்சு வாங்குவது போல ஒவ்வொரு வரியும் மேலே போய் நின்று, பின் இறங்கியது. ஒரு சொல்லும் யாருக்கும் புரியவில்லை. இரண்டாவது முறை அதே வரி வந்தபோது ரொஹானி அக்கா காதொலிப்பானைக் கழற்றி மடியில் வைத்தாள். மூன்றாவது முறை, கமருன்னிசா உட்காராமல் கம்பியில் சாய்ந்தபடியே அந்த வரியைத் தப்பும் தவறுமாகக் கூடப் பாடினாள். சாந்தினி திரும்பி, முட்டியை இருக்கையில் ஊன்றி, பின்னால் பார்த்தபடி நின்றாள்.

மனோகரன் கண்ணாடியில் மனைவியைத் தேடினார். அவள் எழுந்து நிற்கவில்லை. முன்னிருக்கையின் கம்பியில் அவளுடைய ஆள்காட்டி விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் கொஞ்சம் உற்றுக் கவனித்தார். ஒரு அடிகூடச் சரியாக விழவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவளுக்குத் தாளம் வராது என்பது அவருக்குத் தெரியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக்கு முன்னாலும் பின்னாலுமாக, விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.